பாணர் கோலுக்கு ஓர் ஆள்

யல்பின்னா ஊர் ரொட்டிக்கடையில் அந்தச் செய்தி மெலிந்துதான் இருந்தது: நோரீன் டக்வெல் பாணர் போட்டியை ஆட்டுச் சந்தையில் விற்றுவிட்டாளாம். பெட்ரோல் பங்க்குக்குப் போவதற்குள் சதை பிடித்துவிட்டது: சும்மா விற்கவில்லை, ஏலக்காரன் க்ளெம் ஹென்ஷ்கியிடமே விற்றாளாம். தபால் நிலைய வரிசையில் கொம்பும் முளைத்திருந்தது: ஈஸ்டர் சனிக்கிழமை யார் ஜெயிப்பது என்று முந்தின செவ்வாய்க்கிழமையே ஆட்டுப் பட்டி வேலியோரம் கைகுலுக்கி முடிவானதாம். கேட்டவர்கள் எல்லாரும் "சேச்சே, நோரீன் அப்படிச் செய்யமாட்டா" என்றார்கள். சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய் அதையே சொன்னார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்ணின் பெயர் இப்படிச் சீரழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முடியும்தான். ஆனாலும் விசாரித்துவிடுவது என்று கிளம்பினேன்.

நோரீனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பத்தெட்டு வயது, அகன்ற தோள், பேருந்தின் பின் சீட்டு வரைக்கும் திரும்பிப் பார்க்காமலே எட்டும் குரல். வாரத்தில் ஐந்து நாள் அவள் நோரீன். மாதத்தில் ஒரு ஞாயிறும், ஈஸ்டர் விடுமுறை நாலு நாளும் அவள் ஹவீஸ் சீமாட்டி. பழங்கால வேஷம் கட்டி விளையாடும் எங்கள் சங்கமான செம்மண் சீமையில் எல்லாருக்கும் இப்படி இரண்டாவது பெயர் ஒன்று உண்டு. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய அங்கி, எழுநூறு வருஷத்துக்கு முந்தைய சாப்பாடு, எழுநூறு வருஷத்துக்கு முந்தைய சண்டை. முதுகுவலி மட்டும் இந்த வருஷத்தது. அவள் கணவன் மெர்வ் மழைநீர்த் தொட்டி பதிக்கிறவன். கவசம் மாட்டினால் ஒடோ பிரபு. கவசத்தைக் கழற்ற நோரீன் வேண்டும்.

எங்கள் சீமையின் சட்டங்கள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பாணர் போட்டிச் சட்டம் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். ஏனென்றால் அதற்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். போட்டியில் வென்றவர் பாணர் கோலைத் தாங்குவார். அடுத்த ஈஸ்டர் போட்டியை அவரே நடத்துவார். நடத்துகிறவர் பாடக்கூடாது. வென்றவர் கோலை ஏற்க இயலாவிட்டால் பழையவரே தொடர்வார்.

கடைசி வரியை எழுதிய புண்ணியவான் யாரோ தெரியாது. ஏழு ஈஸ்டருக்கு முன்னால் நோரீன் ஒரே ஒருமுறை வென்றாள், அந்த வரிக்குள் விழுந்தாள், அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. அவளுக்கு அடுத்து வென்றவன், வென்ற வாரமே வடக்கே சுரங்கத்தில் வேலை கிடைத்துப் போனான். அதற்கடுத்து வென்ற தம்பதிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. குழாய் வேலைக்காரன் ட்ரெவர் நோஸ்கி இரண்டுமுறை வென்றான். அவன் பாடினால் திடலில் இருக்கும் காக்கட்டூக் கிளிகளே வாயை மூடிக்கொள்ளும், அப்படி ஒரு குரல். முதல்முறை கோலை நீட்டியபோது முதுகுத்தண்டு விலகிவிட்டது என்றான். இரண்டாம்முறை காரணம் சொல்லவில்லை, மறுநாள் காலையில் கூடாரம் இருந்த இடத்தில் நான்கு முளைக்குச்சிதான் இருந்தது.

கோலைத் தாங்குவது என்றால் பட்டுத்துணி சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதல்ல. பாடுகிறேன் என்று சொன்னவர்களைத் துரத்த வேண்டும், பாடவேண்டாம் என்று கெஞ்சப்பட வேண்டியவர்களைக் கெஞ்ச வேண்டும். போன நூற்றாண்டுப் பாட்டுக்குப் பழைய அங்கி மாட்டிக் கொண்டுவருகிறவனை வாசலிலேயே மடக்க வேண்டும். நீட்டி முழக்குகிறவனை நிறுத்த வேண்டும். தோற்றவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும், அவர்கள் மறுபடி ஒருமுறை முழுசாகப் பாடிக் காட்டுவதைக் கேட்க வேண்டும். காட்டுத்தீக்குப் பயந்து போடும் தீத்தடைக் காலம் முடியாததால் நடுவில் நெருப்பு மூட்ட முடியாது, ஆகவே தள்ளுவண்டி நிறைய விளக்குகளை அடுக்கி ஆரஞ்சுத் தாள் சுற்றி, அதற்கு முன்னால் பாணர்கள் கைகாய்ச்சுவதுபோல் நடிக்கும்படி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இதெல்லாம்கூட நோரீனுக்குப் பாரமில்லை. பாரம் வேறு. அவளிடம் ஒரு கதைப்பாட்டு இருந்தது. வெள்ளம் போகும் ஆறு, ஒரே ஓடம், இரண்டு அரசர்கள். முதலில் ஏறுவது யார் என்று அரசர்கள் கரையில் நின்று சண்டை போட, ஓடக்காரி இருவரையும் விட்டுவிட்டு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போகிறாள். பேருந்து ஓட்டிக்கொண்டே வருஷக்கணக்கில் கட்டிய பாட்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் சீமையில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. நடத்துகிறவர் பாடக்கூடாது. சும்மா ஒருநாள் சாப்பாட்டுக்குப் பின் பாடேன் என்று மெர்வ் சொன்னபோது, அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாளாம். போட்டியில் பாடுவதற்கென்று கட்டியதைச் சாப்பாட்டு மேசையில் பாடுவது, மெர்வின் கவசத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் பால் வாங்கப் போவது மாதிரி. (மெர்வ் அப்படிப் போயிருக்கிறான். அது வேறு கதை.)

ஆக நோரீனுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஜெயிக்கவும் வேண்டும், ஜெயித்தபின் ஓடாமலும் இருக்க வேண்டும், அப்படி ஓர் ஆள். இதற்குள் எங்கள் பாணர்கள் தேறிவிட்டார்கள். ஓடுவதைவிடத் தோற்பது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். முதல் சுற்றில் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள், கடைசிச் சுற்றில் அந்த உயிரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

விசாரணைக்கு முதலில், இந்த ஈஸ்டர் வரை எங்கள் சீமைப் பக்கமே வந்திராத க்ளெம் ஹென்ஷ்கியிடம் போனேன். செவ்வாய்க்கிழமை சந்தை முடிந்து, பட்டி வேலிமேல் காலைப் போட்டு இறைச்சி அடை தின்றுகொண்டிருந்தான். நோரீன் உங்களிடம் போட்டியை விற்றாளா என்று நேராகவே கேட்டேன். அவன் மென்று முடித்தான்.

"ஈஸ்டர் விருந்துக்கு ஆடு பிடிக்க மெர்வோட வந்திருந்தா. ஆடு வாங்கிட்டும் போகலை. கடைசி உருப்படி வரைக்கும் நின்னு என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் வந்து மூணு கேள்வி கேட்டா. சொன்ன நேரத்துக்கு வருவியா? வளவளன்னு பேசுறவனை மனசு நோகாம நிறுத்தத் தெரியுமா? தோத்தவனைச் சிரிக்க வச்சு அனுப்பத் தெரியுமா?"

"பாட வருமான்னு கேக்கலையா?"

"அதைக் கேக்கவே இல்லையே. நானும் யோசிச்சேன். ஆனா ஈஸ்டருக்கு சனிக்கிழமை வீட்ல இருந்தா என் பொண்டாட்டி பெவ் வேலியை அடைக்கச் சொல்லுவா. அதனால வரேன்னுட்டேன்."

ஜெயித்தால் என்ன ஆகும் என்று நோரீன் சொன்னாளா என்று கேட்டேன். அவன் அடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சனிக்கிழமை நடந்ததில் இருக்கிறது. நான் அங்கே இருந்தேன், ஆகவே அதை வதந்தியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

திடலின் ஆட்டுக் கொட்டகையில் போட்டி. பகல் விருந்து முடிந்து, கேட்பவர்கள் கொஞ்சம் கிறங்கி, மறுப்பு சொல்லத் திராணியில்லாமல் இருக்கும் நேரம். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் நோரீன் மூன்று கண்ணாடிப் பாசிமணி கொடுத்தாள். எந்தப் பாட்டு பிடித்ததோ அந்தப் பாணரின் கிண்ணத்தில் போட வேண்டும். யாருக்கு மணி அதிகமோ அவருக்குக் கோல்.

ட்ரெவர் முதல் சுற்றில் ஒரு மாலுமியின் மரணத்தைப் பாடி, வில்லாளிகளையே அழவைத்தான். கடைசிச் சுற்றில் அதே மாலுமியைப் பாதிக் கடலில் விட்டுவிட்டு, அடுத்த அடி மறந்துபோச்சு என்று நெற்றியைத் தட்டிக்கொண்டான். அடுத்து பல் மருத்துவமனைத் தாதி ஃபிலிப்பா காட்ஸ்டன். யாழ் வாசிப்பதில் இந்த வட்டாரத்தில் அவளுக்கு இணை கிடையாது. அதை அவளே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். அவள் யாழைத் தொட்டதும் நரம்பு அறுந்தது. நரம்பு அறுவதற்கு முன்னாலேயே அவள் முகம் வருத்தப்பட ஆரம்பித்துவிட்டதை நோரீன் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மூன்றாவது ஆளாக க்ளெம் எழுந்தான். பெவ் தைத்த அங்கி அது, வீட்டு வரவேற்பறைத் திரைச்சீலையின் இன்னொரு பாதி அது என்று வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். தன் தொப்பியை மல்லாத்திக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டித் தடுப்பின்மேல் ஏறி நின்றான்.

"சீமான்களே, சீமாட்டிகளே. இன்னிக்கு ஒரே ஒரு உருப்படிதான். ஒடோ பிரபு, எந்திரிச்சு ஒரு சுத்து சுத்துங்க."

மெர்வ் கவசத்தோடு எழுந்து சுற்றினான். பாவம், மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தான். க்ளெம் ஆரம்பித்தான். அதைப் பாட்டு என்பதா, ஏலம் என்பதா, குலப்பரணி என்பதா? மூச்சு விடாமல், ராகம் தவறாமல், மெர்வின் முன்னோர் யார், எந்தப் புல்லில் மேய்ந்தார்கள், எந்தப் போரில் எந்தத் திசையில் ஓடினார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான். பல்லில் பாதி சொந்தம் என்றான். அடிபட்ட போர் ஒன்பது, அடித்த போர் ஒன்று, அதுவும் தூணை என்றான். ஆனால் விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்காமல் எந்தக் களத்திலிருந்தும் திரும்பியதில்லை என்று சொன்னபோது குரல் சற்று இறங்கியது. கொட்டகை சிரிப்பை நிறுத்தியது. மெர்வ் தலையைக் குனிந்துகொண்டான். உடனே க்ளெம் குரலை மேலே தூக்கினான்: "அப்பேர்ப்பட்ட உருப்படி. ஒரு நாள் வேலைக்கு. யார் கேக்குறீங்க?"

சமையல் கூடாரத்து ஆட்கள் பக்கமிருந்து ஒரு மணி பறந்து வந்து தொப்பியில் விழுந்தது. அவர்களுக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டியிருந்தது. வில்லாளிகள் இரண்டு மணி போட்டார்கள். அவர்களுக்கு அம்பு பொறுக்க ஆள் வேண்டும். சமையல்காரர்கள் நாலு. அப்புறம் யாருக்கும் நிதானம் இல்லை. இல்லாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கடன் வாங்கினார்கள், பிடுங்கினார்கள். ட்ரெவர் தன் மூன்று மணியையும் முதலிலேயே போட்டுவிட்டான். அவன் மட்டும் என்ன செய்கிறோம் என்று தெரிந்து போட்டான் என்பது என் சந்தேகம். ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்து, மூணாவது தரத்துக்குத் தடுப்பை உதைத்து, ஒடோ பிரபுவைச் சமையல் கூடாரத்துக்கு முடித்துக் கொடுத்தான் க்ளெம். அன்றைக்கு எங்கள் இரும்புச் சட்டிகள் பளபளத்ததுபோல் என்றும் பளபளத்ததில்லை. இரும்பு வளையச் சட்டையால் தேய்த்தால் எந்தக் கருக்கும் போகும் என்பதை மெர்வ்தான் கண்டுபிடித்தான்.

ஆக, சந்தையில் நோரீன் போட்டியை விற்கவில்லை. கொட்டகையில் விலைபோனது அவள் புருஷன்.

நோரீன் தொப்பியை வாங்கி மணிகளை எண்ணப் போனபோதுதான் வில்லாளித் தலைவன் எழுந்தான். ஏலத்தில் தோற்றவனுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதுதானே உலக வழக்கம், எங்கள் மணி எங்களுக்கு வேண்டும் என்றான். ஃபிலிப்பாவும் எழுந்தாள். அது பாட்டுக்குப் போட்ட மணியே இல்லை, ஏலம் கேட்டுப் போட்ட மணி, அதை ஓட்டாக எண்ணுவது கலைக்குச் செய்யும் அவமானம் என்று கொஞ்சம் நீளமாகவே பேசினாள். கொட்டகையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

நோரீன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீர்ப்புச் சொல்ல வேண்டியது அவள்தான். ஒரு பக்கம் தீர்த்தால் அடுத்த ஈஸ்டருக்கு அவள் பாட்டு வெளியே வரும். இன்னொரு பக்கம் தீர்த்தால் மறுபடி ஒரு வருஷம் பேருந்துக்குள்ளேயே கிடக்கும். அவள் முகத்தில் இரண்டு அரசர்களும் வந்து நின்று ஓடம் கேட்டார்கள்.

"நீ சொல்றது சரி ஃபிலிப்பா," என்றாள் கடைசியில். "ஏலத்துக்கு விழுந்த மணியை எடுத்துடுறேன்."

தொப்பியை ஓரமாக வைத்தாள். மற்ற கிண்ணங்களை முன்னால் இழுத்து, எல்லாரும் பார்க்க எண்ணினாள். முதல் சுற்றில் விழுந்த மணிகள் அவற்றில் கிடந்தன. எண்ணி முடித்து, சுவரில் சாய்த்திருந்த கோலை எடுத்தாள்.

"ட்ரெவரைவிட ஃபிலிப்பாவுக்கு நாலு கூட. வாம்மா, வந்து வாங்கிக்கோ."

ஃபிலிப்பா நின்ற இடத்திலேயே நின்றாள். கொட்டகைக்கு வெளியே ஒரு ஆடு கத்தியது.

"நான் ஒரு பொதுவான கொள்கைக்காகச் சொன்னேன்," என்றாள் ஃபிலிப்பா.

"கொள்கைப்படிதான் தர்றேன்."

"இல்ல நோரீன்... கேக்குறவங்க எதுக்காக மணியைப் போட்டாங்கன்னு நாம யாரு முடிவு பண்றதுக்கு? கையை விட்டுப் போனா போனதுதான். அது அவங்க சுதந்திரம்."

வில்லாளித் தலைவனும், தங்கள் மணியைத் திருப்பி வாங்கினால் அதை வேறு யாருக்காவது போட வேண்டிவரும் என்பதை அதற்குள் உணர்ந்துவிட்டான். இருக்கட்டும், நல்ல ஏலம், என்று உட்கார்ந்தான். ட்ரெவர் கைதட்டினான். இப்படியாக, ஒரே ஒரு எதிர்ப்பும் இல்லாமல், தொப்பியில் கிடந்ததெல்லாம் ஓட்டு என்று செம்மண் சீமை ஏகமனதாக முடிவு செய்தது.

க்ளெம் மட்டும் இன்னும் தடுப்பின்மேல் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். சந்தையில் முப்பது வருஷம் நின்றவன், நொண்டி மாட்டை விற்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன்.

"அந்தக் கம்பைக் கண்டா எல்லாரும் எதுக்கு இப்படிப் பின்னால போறீங்க?" என்றான்.

எல்லாரும் நோரீனைப் பார்த்தார்கள். நோரீன்தான் சொன்னாள், நாலு வரிச் சட்டத்தையும். சொல்லும்போது அவனைப் பார்க்காமல் கோலைப் பார்த்துச் சொன்னாள். க்ளெம் இறங்கி வந்தான்.

"குறையை மறைச்சு வித்தா வாங்கினவன் திருப்பி ஓட்டிட்டு வரலாம், தெரியுமில்ல? சந்தை வழக்கம் அது."

"தெரியும். நீ வேண்டாம்னு போகலாம். ஒருத்தரும் தப்பு சொல்ல மாட்டாங்க. எல்லாரும் போனவங்கதான்."

"முன்னாடியே சொல்லியிருந்தா?"

"சொன்னா நீயும் நரம்பை அறுத்திருப்பே." ஃபிலிப்பா யாழை மடியோடு அணைத்துக்கொண்டாள். "க்ளெம், ஆறு ஈஸ்டரா மத்தவங்க பாட்டை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கும் ஒண்ணு பாடணும். அவ்வளவுதான். ஏமாத்திட்டேன், மன்னிச்சுக்கோ."

க்ளெம் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. பிறகு கையை நீட்டிக் கோலை வாங்கி, ஆட்டின் முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பதுபோல் அதைத் தடவினான். வேலி அடைக்கும் வேலையைவிட இது மோசமாக இருக்காது என்றான்.

சிக்கல் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கோல் கைமாறும்போது கொடுக்கிறவர் வாங்குகிறவரைப் புகழ்ந்து ஒரு செய்யுள் சொல்வது வழக்கம். இத்தனை வருஷமாகக் கோல் கைமாறாததால் எல்லாரும் அதை மறந்திருந்தோம், க்ளெமுக்கு யாரோ காதில் ஓதிவிட்டார்கள். அவன் தொப்பியை மாட்டி, நெஞ்சை நிமிர்த்தி, காத்து நின்றான். நோரீன் வாயைத் திறந்தாள். இரண்டு அரசர்களுக்கும் ஓடக்காரிக்கும் ஆடுகளுக்கும் நெஞ்சில் வரி வைத்திருந்தவளுக்கு, தன்னை விடுவித்தவனுக்கு ஒரு வரி வரவில்லை. கண் மட்டும் கலங்கியது.

"பாக்கி வச்சுக்கோ," என்றாள்.

"வச்சுக்கிறேன்," என்றான் க்ளெம். "ஆனா ஒண்ணு. அது கைக்கு வராம இந்தக் கம்பு என் கையை விட்டுப் போகாது."

அடுத்த ஈஸ்டரில் நோரீன் பாடினாள். க்ளெம் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்தான், வளவளத்தவர்களை ஒரு தரம் ரெண்டு தரம் சொல்லி இறக்கினான், தோற்றவர்கள் சிரித்துக்கொண்டே தேநீர் குடித்தார்கள். ஓடக்காரி ஆடுகளோடு அக்கரை சேர்ந்து, இரண்டு அரசர்களும் நனைந்த கிரீடத்தோடு நீந்தத் தொடங்கியபோது, மெர்வ் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். உள்ளே அழுதானா சிரித்தானா தெரியவில்லை, கவசம் மட்டும் குலுங்கியது. அவள் கிண்ணம் நிறைந்து மணிகள் தரையில் உருண்டன. அப்போதுதான் கொட்டகை முழுவதற்கும் ஒன்று உறைத்தது: ஆறு வருஷ ஆசையில் நோரீன் தோற்க மறந்துவிட்டாள். அவளுக்கும் உறைத்தது. கிண்ணத்தைப் பார்த்து முகம் வெளுத்தாள்.

க்ளெம் கோலை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். நீட்டவில்லை.

"என் செய்யுள் எங்கே?"

"இன்னும் அமையலை," என்றாள் நோரீன், மெதுவாக.

"அப்ப கம்பும் அமையலை."

கோல் அவனிடமே இருக்கிறது. நோரீன் இப்போது புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பேருந்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள், அதில் ஒரு கழுதையும் ஒரு பேராயரும் வருகிறார்களாம். க்ளெம் செவ்வாய்தோறும் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தை மடக்கி என் பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்கிறான். முதல் அடி தயார், இரண்டாவது அடிதான் இடிக்கிறது என்று அவள் ஜன்னல் வழியாகச் சொல்கிறாள். சரி, அவசரமில்லை என்று அவன் தன் யூட் வண்டியைக் கிளப்புகிறான்.